யானைகிட்ட நில்லு

உதுமானிடம் மட்டும் "டீயா, காப்பியா?" என்று கேட்டுவிடாதீர்கள். மனிதர் பாவம், திணறிப் போய்விடுவார். கேட்டவர் முகத்தைப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பார், கடைசியில் "உங்களுக்கு எதுவோ அதையே சொல்லுங்க" என்பார். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்கு பெல்ட் தைக்கிற கார்கானா இருக்கிறது. கறுப்பா பழுப்பா, பக்கிள் சதுரமா வட்டமா என்பதையெல்லாம் ஆர்டர் கொடுக்கிறவனே சொல்லிவிடுவதால் தொழில் தடங்கலில்லாமல் ஓடுகிறது. மீசை அரும்புகிற வயதில் மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறியதுகூட, யாரோ டிக்கெட்டை எடுத்துக் கையில் திணித்துவிட்டதால்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டு விஷயமெல்லாம் மனைவி மெகர்பானுவின் பொறுப்பு. எந்தச் சட்டை, எந்த டாக்டர், மகள் உமைராவுக்கு எந்த மாப்பிள்ளை, எல்லாம் அவள் வாக்குதான். அந்த மெகர்பானு கண்மூடி மௌத்தாகி மூன்று நோன்பு போய்விட்டது. மகளும் கல்யாணமாகி செம்பூருக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் காலையில் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, எதை எடுக்க என்று தெரியாமல் உதுமான் நின்றுகொண்டே இருப்பார். கடைசியில் கொடியில் கிடக்கிற நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு போவார். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருடைய அக்கா நஜ்முன்னிசாவுக்கு வயிறு எரிந்தது.

"ஏல, ஒனக்கு ஒரு துணை வேணும்லா. நான் எத்தன நாளைக்கு ஒன் சட்டையத் தேடிக் குடுக்க?"

"பாக்கலாம் லாத்தா."

"நீ எங்க பாக்க? நான் பாத்தாச்சி."

அவள் பார்த்தது ஆண்டாப் ஹில்லில் இருக்கிற அஸ்ரினை. வீட்டிலேயே பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கிறவள். துபாய்க்குப் போன புருஷன் அங்கிருந்தபடியே உறவை முறித்துக்கொண்டு பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. போட்டோ தர மாட்டார்கள். கொடுத்தால் எந்த வாட்ஸப்பில் எவன் கையில் போய் நிற்குமோ என்ற பயம்.

இந்த மாதிரி இடங்களுக்கு நஜ்முன்னிசாவிடம் ஒரு வழக்கம் உண்டு. தாராவி வீடுகளில் பெண் பார்க்க நாலு பேர் செருப்பைக் கழற்றினாலே சந்து முழுக்கச் சேதி போய்விடும். இரண்டாம் கல்யாணமென்றால் கேட்கவே வேண்டாம். அதனால் இரண்டு பேரும் தனித்தனியாக, ஏதோ காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி ஒரு பார்க்குக்கு வர வேண்டும். பெண் உட்கார்ந்திருப்பாள். ஆண் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார வேண்டும், அவ்வளவுதான், அதுவே சம்மதம். பிடிக்கவில்லையென்றால் உட்காராமல் நடையைக் கட்ட வேண்டும். பெண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால் அவர் உட்கார்ந்ததும் அவள் எழுந்து போய்விடுவாள். யாரும் யாரையும் வேண்டாமென்று வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் யாருக்கும் அவமானமில்லை என்பது நஜ்முன்னிசாவின் கணக்கு. அட, அவமானம் எங்கே போய்விடும்? உட்கார்ந்திருப்பவளிடம் கேட்டால் தெரியும்.

அதை நஜ்முன்னிசாவே சொல்லவும் செய்தாள். "போன வருசம் ஒருத்தன் வந்து தூரத்துல நின்னு பாத்துட்டு அப்படியே ஓடிட்டானாம். அந்தப் புள்ள பொழுதடைஞ்சி மஃரிபு வரைக்கும் ஒத்தையில உக்காந்திருந்துச்சாம். நீ அப்படிப் பண்ணிராத, கேட்டியா? புடிக்கலைன்னாலும் முன்னால போயி நின்னு ஒரு ஸலாம் சொல்லிட்டு வா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"எங்க வரணும்?"

"மாட்டுங்கா கார்டன்லதான். சிமெண்டு யான இருக்குல்ல, அதுகிட்ட. யானையத் தப்ப விட முடியுமா? யானகிட்ட நில்லு. அவ மஞ்சப் பை வச்சிருப்பா."

உதுமானுக்குத் திக்கென்றது. உமைரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த யானைக்குத்தான் மூன்று பேரும் போவார்கள். பிள்ளை முதுகில் ஏறி ஆட, மெகர்பானு யானை நிற்கிற மேடையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். அதே இடத்தில் போய் இன்னொரு பெண்ணைப் பார்ப்பதா? சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. ஏற்கெனவே இரண்டு இடம் பார்க்கச் சொன்னபோது ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை பஸ் வரவில்லை என்று தப்பித்த ஆள் அவர். "சரி லாத்தா" என்றுவிட்டார்.

ஜனவரி மாதத்து ஞாயிறு. அஸர் தொழுதுவிட்டு, உமைரா போனில் சொன்ன வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கார்டனுக்கு வந்தால், வாசலையே காணவில்லை. அதாவது, வழக்கமான வாசலை அடைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் அங்கே கூட்டம், பேனர், கறுப்பு டீஷர்ட் போட்ட பிள்ளைகள். பேனரில் இங்கிலீஷும் மராட்டியும் பெரிதாக எழுதியிருந்தது. அதில் 'ஃப்ரீ' மட்டும் அவருக்குப் புரிந்தது. சிற்பக் கண்காட்சியாம். உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணிப்பையும் ஒரு மடிப்புக் காகிதமும் கொடுத்தார்கள்.

பை மஞ்சள் நிறம்.

உதுமான் தன் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள் பை. பாட்டியிலிருந்து பள்ளிக்கூடப் பெண்வரை தோளில் மஞ்சள் பை தொங்கியது. 'யா அல்லாஹ், இது என்ன சோதனை!' என்று அங்கேயே நின்றுவிட்டார்.

சரி, பை போனால் போகட்டும், யானை இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு நடந்தார். முதலில் புல்தரையின் நடுவில் ஒரு கதவு நின்றது. சுவர் இல்லை, வீடு இல்லை, நிலையோடு கதவு மட்டும். ஜனங்கள் வரிசையில் நின்று அதைத் திறந்து, அந்தப் பக்கம் போய், "வாவ்" என்றார்கள். அந்தப் பக்கமும் அதே புல்தான். உதுமானும் வரிசையில் நின்றார், வரிசை என்றிருந்தால் நிற்கத்தானே வேண்டும். திறந்து போனார். புல்லைப் பார்த்தார். ஏதோ தவறவிட்டுவிட்டோமோ என்று திரும்பி இன்னொரு முறை போனார். பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

அதைத் தாண்டினால் ஒரு வேப்பமரத்தில், எட்டாத உயரத்தில் ஒரு கட்டில் கட்டித் தொங்கியது. மெத்தை, தலையணை எல்லாம் இருந்தது. இதில் யார் எப்படி ஏறிப் படுப்பது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவர், அடுத்த இடத்தில் கால் தடுக்கினமாதிரி நின்றார். மண்ணைக் குவித்து நீளமாக மூன்று மேடு. மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தது. கபுர்! இந்தக் கார்டனில் எப்போதிலிருந்து கபுரஸ்தான்? யோசிக்க நேரமில்லை, மரியாதை முக்கியம். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கபுரில் இருப்பவர்களுக்கு ஸலாம் சொன்னார். கைகளை ஏந்திக் கண்ணை மூடி ஃபாத்திஹா ஓதினார். ஓதும்போது மெகர்பானுவின் ஞாபகம் வந்துவிட்டது. வந்தால் அவ்வளவு சீக்கிரம் போகாது. கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கறுப்பு டீஷர்ட் பெண்ணொருத்தி போனை நீட்டி அவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ஸ்மிதா என்று அட்டை குத்தியிருந்தது.

"அங்கிள், ரொம்ப அழகு! இந்தச் சிற்பத்தை இவ்வளவு ஆழமா உணர்ந்தது நீங்கதான்" என்றாள் இந்தியில்.

"இங்கே யாரை அடக்கியிருக்கிறார்கள், மகளே?" என்று உதுமானும் இந்தியில் கேட்டார்.

அவள் முழித்தாள். அது தூங்கிக்கொண்டிருக்கும் மலைகளாம். கலைஞர் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். உதுமானுக்கு ஓதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவா முடியும்? மலையும் அல்லாஹ்வின் படைப்புதானே என்று செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"மகளே, ஹாத்தி கஹான் ஹை? இங்கே ஒரு யானை இருக்குமே?"

ஸ்மிதாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "அதைத்தான் அங்கிள் எல்லாரும் தேடணும்! எங்களைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்களே கண்டுபிடிங்க." சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் படமெடுக்க ஓடிவிட்டாள்.

ஒரு யானை எங்கே என்று கேட்டால் சொல்லக் கூடாதாம்! என்ன ஊர் இது! கிண்டல் பண்ணுகிறாளா, இல்லை இவளுக்கும் தெரியாதா? உதுமானுக்குப் பழைய வாசலிலிருந்து வந்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் யானையிடம் போகத் தெரியும். பின்வாசல் வழியாக வந்ததில் எது இடம் எது வலம் என்றே பிடிபடவில்லை. பாதையை வேறு மாற்றிப்போட்டிருந்தார்கள். அக்காவுக்குப் போன் போட்டார். நஜ்முன்னிசா ஒரு கல்யாண வீட்டில் இருந்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"லாத்தா, யானையக் காணும்."

"என்னது?"

"யானையக் காணும்ங்கேன். கார்டன் பூரா என்னல்லாமோ வச்சிருக்காங்க. யான மட்டும் இல்ல."

அவ்வளவுதான். பிறகு வந்தது பாருங்கள்! "ஏல, ஒருக்கக் காய்ச்சலுன்னே. ஒருக்க பஸ்ஸு வரலன்னே. இப்ப யானையக் காணுமா? யான என்ன எந்திரிச்சி நடந்தா போயிட்டு? பொய்யி சொன்னாலும் நம்புத மாதிரிச் சொல்லுல!"

"வல்லாஹி லாத்தா, நெசமாத்தான். நீங்க அந்தப் புள்ளயோட அக்காவுக்கு ஒரு போனப் போட்டு..."

"போட்டு? மாப்பிள்ளைக்கு யானையத் தெரியலயாம்னு சொல்லவா? சிரிப்பாங்கல. தட்டிக் கழிக்கான்னு நெனப்பாங்க. போயித் தேடு. அவ ஒத்தையில உக்காந்திருப்பா, அத மட்டும் நெனச்சிக்க." போன் துண்டித்துக்கொண்டது. மறுபடி போட்டார். கல்யாண வீட்டு இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது, அல்லது கேட்டும் எடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், யானையைக் காணவில்லை என்றதும் உதுமானின் மனசின் ஒரு பக்கம் சந்தோஷப்பட்டது. யானை இல்லை, போகலாம். யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் 'ஒத்தையில உக்காந்திருப்பா' என்ற வார்த்தை சட்டைக்குள் விழுந்த முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. இந்த வழக்கத்தில் போகிறவன் போனால் அது 'வேண்டாம்' என்று அர்த்தம். இவர் வராமல் போனாலும் அவளுக்கு அதே அர்த்தம்தான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஓடினவர்கள் கணக்கில் இவரும் சேர்ந்துவிடுவார். அந்தப் பெண் யாரென்றே தெரியாது. இருந்தாலும் அது நடக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஏன் அவ்வளவு தோன்றியது என்றும் விளங்கவில்லை.

அதனால் தேடினார். காது மாதிரி ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. ஒருவேளை யானைக் காதோ என்று நெருங்கினால் மனிதக் காது. ஜனங்கள் அதற்குள் ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெறும் பீடம் ஒன்று, மேலே ஒன்றுமில்லை. அதையும் ஒரு குடும்பம் நின்று படமெடுத்துக்கொண்டது. யானையை எடுத்துவிட்ட பீடமோ? இல்லை, இது யானை நிற்கிற அளவு இல்லை. தனியாக நிற்கும் பெண்களில் மஞ்சள் பை வைத்த ஒருத்தியை, வயதும் சரியாக இருக்கிறதே என்று இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். அவள் "க்யா ஹை?" என்று அதட்டியதில் உதுமான் உடனே பக்கத்திலிருந்த இரும்புக் கம்பிச் சுருளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். நல்லவேளை, அங்கே எதையும் உற்றுப் பார்க்கலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கால் கடுத்தது. எங்காவது உட்காரலாமென்றால் எது கலை, எது சாமான் என்று தெரியவில்லை. ஒரு குப்பைத்தொட்டியில் நிலக்கடலைத் தோலைப் போடப் போனவர், அதன் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை நட்டிருந்ததைப் பார்த்துப் பயந்து, தோலைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். அப்போதுதான் அரசமரத்தடியில் அது கண்ணில் பட்டது. லாரி உயரத்துக்கு ஏதோ சாமான், மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. தாராவிக்காரன் நீலத் தார்ப்பாயை எத்தனை பார்த்திருக்கிறான்! கூரைமேல் அது, கடைமேல் அது, மழைக்காலத்தில் வண்டிமேல், மனிதர்மேல்கூட அதுதான். இந்தத் தோட்டத்திலேயே கலை இல்லாத ஒரே பொருள் இதுதான் என்று தீர்மானித்து, அடியில் நீட்டிக்கொண்டிருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்து, தார்ப்பாயில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளைக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ, நெற்றியில் விபூதி. உதுமானின் முணுமுணுப்பைக் கேட்டே தமிழர் என்று கண்டுபிடித்திருப்பார் போல.

"நீங்க சொல்லுங்கோ ஸார். அந்த பெஞ்சைப் பார்த்தேளா?"

தூரத்தில் ஒரு பெஞ்சு நடுவில் அறுக்கப்பட்டு, இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நின்றது.

"அது நான் உக்கார்ற பெஞ்ச். ரிட்டயர் ஆனதுலேர்ந்து டெய்லி சாயங்காலம் அதுலதான் உக்காந்துண்டிருப்பேன். புனேல பொண்ணாத்துக்குப் போயிட்டு நேத்துதான் வந்தேன். வந்து பார்த்தா இப்படி இருக்கு. உடைஞ்சு போச்சா, இல்ல ஆர்ட்டான்னு தெரியல. உடைஞ்சிருந்தா கம்ப்ளெயிண்ட் எழுதலாம். ஆர்ட்னா என்ன எழுதறது?" அவர் பெயர் மகாதேவனாம். கேட்காமலே சொன்னார்.

"ஐயா, இங்க ஒரு யானை இருந்திச்சே?"

"ஆமாமா, சிமெண்ட் யானை. இங்கதான், இந்த அரசமரத்தடியிலதானே இருந்தது?" மகாதேவன் மரத்தைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது. "போச்சு. இடிச்சுட்டா போலருக்கு. இடிச்ச கல்லு மண்ணெல்லாம் மூடி வெச்சிருக்கா, பாருங்கோ. என் பெஞ்சை அறுத்தவா யானையை விட்டுவெப்பாளா?" அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் பாதிப் பெஞ்சை நோக்கி நடந்துவிட்டார். அதில் உட்காரலாமா கூடாதா என்று அங்கே போயும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

யானையை இடித்துவிட்டார்களா? இப்போது பாருங்கள், இந்த மனிதரின் குழப்பத்தை. யானை இல்லையே என்று சற்று முன் சந்தோஷப்பட்டவர், யானை இல்லையென்று உறுதியானதும் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். மெகர்பானு கால் நீட்டி உட்கார்ந்த மேடை, உமைரா இறங்க மாட்டேனென்று அடம்பிடித்த முதுகு, எல்லாம் இந்தத் தார்ப்பாய்க்குள் கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறதா? சரி, இனி யார்மேலும் குற்றமில்லை. இடமே இல்லாத இடத்தில் யாரை யார் பார்ப்பது? வீட்டுக்குப் போகலாம். அவர் எழப்போனார். அப்போது தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தமிழ். அதுவும் அவர் ஊர்ப் பக்கத்துத் தமிழ். தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யானையும் இல்ல, மனுசனும் இல்ல லாத்தா. கேட்டா, நீங்களே தேடுங்கன்னு சிரிக்காங்க. ஆளாளுக்கு மஞ்சப் பை வேற... இல்ல, வந்திருப்பாரு. எங்கயாவது நின்னு பாத்துட்டுப் போயிருப்பாரு. வேற என்ன? பரவால்ல, எனக்கென்ன, பழகிப் போச்சி. அம்மாட்ட மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. கால் வலிச்சி, செத்த உக்காந்திருக்கேன். வாரேன்."

உதுமானுக்கு உடம்பெல்லாம் கூசியது. 'பழகிப் போச்சி' என்று அந்தப் பெண் சொன்ன விதம் இருக்கிறதே, அதில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். என்ன செய்வது? இந்த வழக்கத்தில் பேச்சு கிடையாது. அந்நியப் பெண் வேறு. பக்கத்தில் யாராவது இருந்தால் கேட்டிருப்பார், போகவா வேண்டாமா என்று. அறுத்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற மகாதேவனைத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பாவம், அவரே குழம்பிப் போய் நின்றார்.

உதுமான் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தார்ப்பாயைச் சுற்றி நடந்தார். அந்தப் பக்கம் யாருமில்லை! மேடையில் உட்கார்ந்திருந்த இடம்கூட இன்னும் சூடாக இருந்திருக்கும். போய்விட்டாளா? ஓட்டமும் நடையுமாக முன்னால் வந்தார், அங்கேயும் இல்லை. மறுபடி சுற்றினார். அவளும் கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை ஆளைத் தேடி, அதே பக்கமாகச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கியது. போதுமென்று திரும்பி நின்றார். எதிரே, கறுப்பு புர்காவில், முகம் திறந்து, தோளில் பழைய மஞ்சள் பையும் கையில் புதிய மஞ்சள் பையுமாக ஒரு பெண். யாரோ தன் பின்னால் சுற்றிச் சுற்றி வருகிறானே என்று மிரண்டுபோய் நின்றாள்.

"நான் போவல!" என்றார் உதுமான். ஸலாம்கூடச் சொல்லவில்லை. "நான் பாத்துட்டுப் போவல. எனக்கும் யானையத் தெரியல. அங்க, இந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். வல்லாஹி, ஒங்களப் பாக்கவே இல்ல."

அஸ்ரின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் பெல்ட்டு..."

"ஆமா. உதுமான்." பிறகுதான் ஞாபகம் வந்து ஸலாம் சொன்னார். அவளும் பதில் சொன்னாள்.

"இங்கயா உக்காந்திருந்தீங்க? எவ்வளவு நேரமா?"

"நேரமாச்சி. இது ஒண்ணுதான் கண்காட்சி இல்லியேன்னு..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் அப்படி நெனச்சித்தான் உக்காந்தேன். மத்ததெல்லாம் தொட்டா வையுவாங்களோன்னு பயமா இருந்துச்சி. எங்க வீட்டு மேலயும் இதே தாட்பத்ரிதான் கெடக்கு."

யானையை இடித்துவிட்டார்கள் என்ற சேதியைச் சொல்லலாமா என்று உதுமான் யோசிப்பதற்குள் ஸ்மிதா ஓடி வந்தாள். கண்காட்சி மூடுகிற நேரமாம். "அங்கிள்! கண்டுபிடிச்சுட்டீங்களா! நான் சொன்னேன்ல!" என்று குதித்தாள். எதை என்று இவர் கேட்க, அவள் குனிந்து தார்ப்பாயின் ஓரத்தை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே ஒரு கால் இருந்தது. சாம்பல் நிறச் சிமெண்டுக் கால். வெள்ளை பெயிண்ட் அடித்த நகங்கள். கடைக்கோடி நகத்தின் பெயிண்ட் உரிந்து போயிருந்தது. இடிக்கவில்லை, எங்கும் போகவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, அதற்கும் புல்லுக்குள் மறைவாக ஓர் அட்டை நட்டு, அதுவும் சிற்பம்தானாம். இவ்வளவு நேரமும் யானைமேல் சாய்ந்துகொண்டேதானே யானையைத் தேடினார்! மெகர்பானு உட்காருகிற அதே மேடையில்தானே உட்கார்ந்திருந்தார்! கண்ணில் நீர் கட்டியது. வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் வேறொரு பெண் நிற்கும்போது செத்துப்போனவளை நினைத்து அழுவது சரியா தப்பா என்று அதிலும் ஒரு குழப்பம்.

"என்ன ஆச்சி?" என்றாள் அஸ்ரின்.

மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "எம் பொஞ்சாதி இங்கதான் உக்காருவா. பிள்ள மேல ஏறி வெளையாடும். அதான் இங்க வரவே மனசில்ல எனக்கு. யானையக் காணும்னதும் நல்லதாப் போச்சின்னுகூட நெனச்சேன். பொறவு இடிச்சிட்டாங்கன்னதும் தாங்கல. எனக்கு ஒண்ணுமே வெளங்க மாட்டேங்கு."

அஸ்ரின் யானையின் கோடி நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையின் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மஞ்சள் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, இப்பப் பாத்தாச்சில்லா. போறதுன்னா போங்க. நேர்ல வந்து சொல்லிட்டுத்தானே போறீங்க, எனக்கு அது போதும்."

ஸ்மிதா அடுத்த ஆட்களை வெளியே அனுப்பப் போய்விட்டாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. உதுமான் நின்றார். அக்காவிடம் கேட்க முடியாது, போனை எடுக்க மாட்டாள். உமைராவிடம் கேட்கலாம், ஆனால் என்னவென்று கேட்பது? மெகர்பானு இருந்தால் அவளிடமே கேட்டிருப்பார், அவளும் உடனே சொல்லியிருப்பாள். இப்போது கேட்க ஆளில்லை.

பிறகு அவர் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி, கோடி நகத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாயில் சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விசில் சத்தம் கேட்டது. தடியைச் சுழற்றிக்கொண்டு காவல்காரன் ஒருவன் வேகவேகமாக வந்தான். "ஏ சாச்சா! உட்டோ, உட்டோ! சிற்பத்து மேல உட்காரக் கூடாது, தெரியாதா? எந்திரிங்க!"

யாராவது அதட்டினால் எழுந்துவிடுகிற மனிதர் உதுமான். பஸ்ஸில், பாங்கில், ஆஸ்பத்திரியில், எங்கேயும் அப்படித்தான். தொடை தானாக எழும்பப் பார்த்தது. எழுந்தால் என்ன அர்த்தம் என்பது அந்தக் காவல்காரனுக்குத் தெரியுமா? அஸ்ரின் இவரைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தன.

"நஹி உட்டேகா" என்றார் உதுமான். தன் குரலா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "எந்திரிக்க மாட்டேன். உக்காந்தா உக்காந்ததுதான்."

காவல்காரன் வாயைப் பிளந்தான். மறுபடி விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனான். அப்போது அஸ்ரின்தான் அவனிடம் தலையை நிமிர்த்தி, நல்ல பம்பாய் இந்தியில் சொன்னாள், கொஞ்சம் பொறு அண்ணா, அவர் இப்பத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று.